கிருமி மாறும்; நாம்?
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



குறுக்குத்துறையில் தாமிரபரணித் தண்ணியை அள்ளிக் குடித்து வளர்ந்தவன் நான். சின்ன வயசில் என் தங்கை வயிற்றுப்போக்கில் துவண்டாள். “தண்ணியே கொடுக்காதே” என்றாள் ஆச்சி. எப்படியோ பிழைத்தாள்.

நுண்ணுயிரியல் படித்த பிறகே விஷயம் புரிந்தது. ஆற்றில் சாதுவாக இருக்கும் காலராக் கிருமி, சிறுகுடலுக்குள் வந்ததும் சூழலை உணர்ந்து நச்சு சுரக்கும். உடம்பு நீர் கொட்டிவிடும். 1992இல் சென்னையில் மேலுறையையே மாற்றிக்கொண்டு, ஓ139 என்ற புது வகையாக வந்தது. பழைய வகைக்கு எதிர்ப்புசக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் சாய்த்தது.

கிருமியே மாறும்போது நாம மாற வேண்டாமா? தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. வயிற்றுப்போக்குன்னா உடனே உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்க. ஆச்சிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.