ஆக்ஸ்ஃபர்டா, ஹார்வார்டா? பிள்ளையைக் கேளுங்கள்

எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்த பிள்ளையிடம் ஜொகூரில் உறவினர்கள் முதலில் கேட்பது, "டாக்டரா, வக்கீலா?" என்பதுதான். இளங்கலைப் படிப்புக்குப் பிரிட்டனா, அமெரிக்காவா என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பிரிட்டனில் மருத்துவமும் சட்டமும் இளங்கலையிலேயே தொடங்கிவிடும். அமெரிக்காவில் அப்படியல்ல. முதலில் நான்காண்டு இளங்கலை. அதன் பிறகே நான்காண்டு மருத்துவம் அல்லது மூன்றாண்டு சட்டம். டாக்டராக வேண்டும் என்று 18 வயதிலேயே உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு அது சுற்று வழி. அந்தப் பிள்ளை கடல் கடக்கவும் வேண்டியதில்லை. பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழகம் 2011 முதல் இஸ்கண்டார் புத்ரியிலேயே மருத்துவம் கற்பிக்கிறது.

இன்னும் மனம் தீர்மானிக்காத பிள்ளையின் கதை வேறு. ஆக்ஸ்ஃபர்டிலும் கேம்பிரிட்ஜிலும் விண்ணப்பிக்கும்போதே துறையைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் மூன்றாண்டுகள் அதே துறைதான். ஆசிரியர் முன் ஓரிரு மாணவர்களாக உட்கார்ந்து, எழுதிய கட்டுரைக்குப் பதில் சொல்லும் ஆழமான பயிற்சி அது. ஹார்வார்ட், யேல் போன்ற இடங்களிலோ கணிதத்தோடு வரலாறும் படித்துப் பார்த்து, இரண்டாம் ஆண்டில் துறையை முடிவு செய்யலாம்.

நுழையும் வாசலும் வேறு. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஓராண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். இறுதி நாள் அக்டோபர் 15. எஸ்.பி.எம். மட்டும் போதாது, ஏ லெவல் போன்ற தகுதி வேண்டும். நேர்முகத்தில் பேச்செல்லாம் பாடத்தைப் பற்றியே இருக்கும். அமெரிக்காவில் ஒரே நேரத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணோடு கட்டுரை, ஆசிரியர் கடிதம், வெளி ஈடுபாடு எல்லாம் பார்ப்பார்கள். பள்ளி முடிந்து கடையில் வேலை செய்ததும், தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டதும் அங்கே கணக்கில் வரும்.

பணத்தில்தான் பல பெற்றோர் ஏமாந்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கட்டணத்தைக் கண்டு மிரண்டு விண்ணப்பமே போடுவதில்லை. ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை வெளிநாட்டு மாணவரையும் குடும்ப வசதி பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைக்கேற்ப உதவித்தொகை தருகின்றன. ஆண்டு வருமானம் 100,000 டாலருக்குள் உள்ள சாதாரணக் குடும்பங்களிடம் 2025-26 கல்வியாண்டு முதல் ஹார்வார்ட் எதுவும் வாங்குவதில்லை. பிரிட்டனில் வெளிநாட்டு இளங்கலை மாணவருக்கு இத்தகைய முழு உதவி அரிது. உபகாரச் சம்பளம் இல்லாவிட்டால் சுமை குடும்பத்தின் தலையில்தான்.

ஆனால் ஹார்வார்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அரசியலும் குறுக்கிடலாம். அங்கு வெளிநாட்டு மாணவர் சேர்க்கையைத் தடுக்க 2025 மே மாதம் அமெரிக்க அரசு முயன்றது. நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆகவே, கையில் மாற்று வழி இல்லாமல் அமெரிக்காவை மட்டும் நம்பியிருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

முதல் பட்டத்தோடு வாழ்க்கை முடிந்துவிடுவதுமில்லை. ஜொகூர் பாலத்துக்கு அக்கரையில், 2023இல் சிங்கப்பூர் அதிபரான தர்மன் சண்முகரத்தினம் லண்டனில் இளங்கலை முடித்து, கேம்பிரிட்ஜிலும் பின்னர் ஹார்வார்டிலும் பயின்றவர். இரு நாட்டுக் கல்வியும் ஒருவருக்கே வாய்க்கலாம்.

துறை உறுதியாகிவிட்டதா? ஆழமா, அகலமா, எது பிள்ளைக்குப் பிடிக்கும்? செலவை யார் ஏற்பது? இம்மூன்றுக்கும் பிள்ளையின் வாயிலிருந்தே பதில் வந்த பிறகு விண்ணப்பத்தை எடுத்தால் போதும். ஊர் மெச்சும் பெயர் அதற்கு அடுத்ததுதான்.