தெரிந்த டாக்டர் நம்ம ஊரிலேயே வேண்டும்

பின்னால் தூணோரம் நிற்கும் சகோதரிகளே, தம்பிகளே, முன்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். உங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். உங்களை நிற்கவைத்துப் பேச எனக்கு மனம் வராது.

உலக மனநல நாளை ஒட்டி மனநலம் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். மனநலச் சமூகப் பணியாளராக வேலை பார்ப்பவள் நான். பரீட்சை பயம், குடி, மன அழுத்தம் என்று பொதுவாகப் பேசலாம். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் பேசாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இதோ இந்த அரூரிலிருந்து பஸ் ஏறினால் சித்தேரி மலை. அங்கே ஒரு சிற்றூரில் ஒரு திருநங்கைக்கோ திருநம்பிக்கோ தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது. விடிந்ததும் அவர் யாரிடம் போவார்?

அவராகப் போவதில்லை, கூட்டிக்கொண்டு போகிறார்கள். முதலில் கோடாங்கியிடம். உடுக்கை அடித்து, காத்து கருப்பு என்று சொல்லி, வேப்பிலையால் அடிப்பார்கள். அடுத்து ஏதாவது ஒரு கோயிலில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் டவுனுக்கு வருவார்கள். டவுனில் கழுத்தில் ஸ்டெத் மாட்டியவர் சொல்வதைக் கேளுங்கள்: “ஒண்ணும் இல்லீங்க, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க, சரியாயிடும்.” கோடாங்கி சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றுதான். இவர் சீட்டில் எழுதிக்கொடுக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கும் மேலே போக வசதி உள்ளவர்கள் சென்னைக்குப் போகிறார்கள். ஒரு நாள் கூலி போய், பஸ் காசும் போய், ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, காலையில் வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் பேசித் திரும்பி வர வேண்டும். அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்வார்கள். எத்தனை பேரால் முடியும்? பாதியில் விட்டுவிடுகிறார்கள். விட்டவர்களைப் பார்த்து “சிகிச்சையில ஒத்துழைப்பு இல்ல” என்று கோப்பில் எழுதுகிறோம்.

திருநர் என்றாலே சென்னை, மும்பை என்று ஓர் எண்ணம் நமக்கு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பாலினத்தவர் என்று நாட்டில் 4,87,803 பேர் பதிவானார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கிராமத்தில் இருப்பவர்கள். வெளியே சொல்லாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆள் கிராமத்தில், வைத்தியம் நகரத்தில். நாடு முழுக்கப் பார்த்தால் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறுவதில்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரத்தில்தான் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, மனநல சிகிச்சைக்காக யாரையும் நெடுந்தூரம் அலையவிடக் கூடாது, அவர் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது கிடைக்க வேண்டும் என்கிறது. பாலினம் பார்த்து வேற்றுமை காட்டக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அறுவை சிகிச்சைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் மனநல ஆலோசனை தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தவும் சொல்கிறது. ஆகவே இன்று நாம் கேட்பதை சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதி வைத்ததைக் கொடு என்கிறோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாவட்டத்தில் மனநல மருத்துவரே இல்லை என்று சொன்னால் அது பொய். மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கியபோதே தமிழ்நாடு அதில் இருந்தது. இன்று எல்லா மாவட்டத்திலும் அது இருக்கிறது. குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கு மருத்துவர் வருகிறார். மாத்திரை இலவசம். டாக்டர் இருக்கிறார், அவருக்குத் திருநரைப் பற்றித் தெரியவில்லை என்பதுதான் நம் சிக்கல். தெரியாததற்கு அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் படித்த புத்தகத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், முந்தைய பதிப்பு வரை, திருநராக இருப்பது மனநோய் அத்தியாயத்தில்தான் இருந்தது. 2019-இல் ஒப்புதல் பெற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பில்தான் அதை அந்த அத்தியாயத்திலிருந்தே எடுத்தார்கள். இன்று நாற்பது வயதில் இருக்கும் ஒரு டாக்டர் கல்லூரியில் படித்தபோது திருநராக இருப்பதே ஒரு கோளாறு என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தடயவியல் மருத்துவப் புத்தகங்களில் இதைவிட மோசமாக இருந்தது.

அதைத் திருத்தும் வேலையைத் தொடங்கிவைத்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ விரும்பியவர்கள், பாதுகாப்பு கேட்டு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தார். எனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை, புரியாமல் எழுத மாட்டேன் என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அதை மறைக்கவுமில்லை, தீர்ப்பிலேயே பதிவு செய்தார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில், ஒருவரின் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். மறு ஆண்டு, அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமே அறிவித்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாணவராக உட்காரலாம் என்றால், நம் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் உட்காரக் கூடாதா? அவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு?

எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024-இல் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டுதலில் பழைய அவச்சொற்கள் மறுபடியும் தலைகாட்டின. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். கண்ணயர்ந்தால் பழையது திரும்பி வந்துவிடும்.

தெரிந்த டாக்டர் என்று நான் யாரைச் சொல்கிறேன்? வெளிநாட்டில் படித்தவரை எதிர்பார்க்கவில்லை. வந்தவருக்குத் தூக்கமில்லை என்றால் தூக்கத்தைப் பற்றிக் கேட்பவர். நம் சகோதரி ஒருவர் காய்ச்சல் என்று போனாலும் “எப்ப ஆபரேஷன் பண்ணுனே, காட்டு பார்ப்போம்” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அறையை விட்டு வெளியே வந்தவர் திரும்ப ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டார். மனச்சோர்வு வேறு, பாலினம் வேறு. முன்னதற்கு வைத்தியம் உண்டு, பின்னதற்கு வைத்தியம் தேவையில்லை. இந்தப் பிரிப்பு தெரிந்தவர் போதும். அம்மா அப்பாவைத் தனியாக உட்காரவைத்து அவர்கள் அழுது முடிக்கும் வரை பொறுமையாக இருக்கத் தெரிந்தவர். சொன்னதை டீக்கடைக்குப் போகவிடாதவர். சின்ன ஊரில் இது ரொம்பப் பெரிய விஷயம். கம்பவுண்டர் மாமாவாக இருப்பார், நர்ஸ் பக்கத்துத் தெருவாக இருப்பார்.

இன்னொன்றையும் மனம்திறந்து பேச வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் ஹார்மோனுக்கும் மனநல மருத்துவரின் கடிதம் கேட்கிறார்கள். அந்தக் கடிதம்தான் பல திருநருக்கும் மனநல மருத்துவருக்குமான ஒரே தொடர்பு. இதில் நடப்பது என்ன? “ராத்திரியெல்லாம் அழறேன் டாக்டர்” என்று சொன்னால் கடிதம் கிடைக்காதோ என்று பயந்து, “நல்லா இருக்கேன் டாக்டர்” என்கிறார்கள். யாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமோ அவரிடமே மறைக்க வேண்டிய நிலை. கடிதம் தராமல் இழுத்தடித்தால் ஆள் சும்மா இருப்பாரா? மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கித் தானாகவே அளவைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறார். ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கேட்க ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பார். உலகளவில் மருத்துவர்கள் பின்பற்றும் திருநர் சிகிச்சை வழிகாட்டுதலின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு, வயதுவந்தவருக்கு ஒரே கடிதம் போதும் என்கிறது. முன்பு சில அறுவை சிகிச்சைகளுக்கு இரண்டு கேட்டது. கதவைக் காக்கும் வேலையைக் குறைத்துக்கொண்டு கூட நடக்கும் வேலையைக் கூட்டச் சொல்கிறார்கள். நம் மாவட்ட டாக்டர்கள் எத்தனை பேர் கைக்கு அது போயிருக்கிறது?

திருநம்பிகளைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேச அனுமதியுங்கள். திருநங்கைக்கு ஊரை விட்டு ஓடினாலும் ஒரு ஜமாத் இருக்கிறது. அங்கே ஓர் அம்மா மகளாக ஏற்றுக்கொள்வார். அதில் சண்டை உண்டு, கட்டுப்பாடு உண்டு, சில சமயம் சுரண்டலும் உண்டு. ஆனால் உடம்புக்கு முடியாத நாளில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டு. நம் மருத்துவத்துறை கைவிட்ட இடத்தில் பல காலமாக மனநலம் பார்த்தது அந்த அம்மாக்கள்தான், அதை இந்த மேடையில் நன்றியோடு சொல்கிறேன். திருநம்பிக்கு அப்படி ஒரு வீடு இல்லை. பெண் குழந்தை என்று வளர்த்ததால் அவரால் பஸ் ஏறவே முடியாது. போனைப் பிடுங்கி, முடி வளர்க்கச் சொல்லி, பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார்கள். அப்படிக் கட்டிவைக்கப்பட்டு, கையில் குழந்தையோடு, வேறு ஏதோ வயிற்று வலிக்கு வந்தவராகத்தான் நான் அவர்களைச் சந்திக்கிறேன். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்திருப்பார்கள், ஒன்றுமிருக்காது. கூட வந்த மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்ட பிறகுதான் வலி எங்கே இருக்கிறது என்று தெரியவரும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எம்.டி. படிக்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியர் கேட்கலாம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் கேட்கலாம். பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிற மாநிலம் இது. அதே வாசலுக்கு இந்தக் கேள்வியும் வரட்டும்.

இந்த மாவட்டத்துக்கு இதெல்லாம் முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. இந்தியாவின் முதல் திருநங்கை காவல் உதவி ஆய்வாளர் பிரித்திகா யாஷினி 2017-இல் பொறுப்பேற்றது நம் தர்மபுரியில்தான். அதற்கு அவர் உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. அவருக்கு சல்யூட் அடித்த ஊர், ஓ.பி. சீட்டில் இருக்கும் பழைய பெயரைக் கூட்டத்தின் நடுவே உரக்கக் கூப்பிட்டு, புடவை கட்டியவர் எழுந்து வரும்போது சிரிப்பதை நிறுத்தலாம். கூப்பிட வேண்டிய பெயரை சீட்டின் மேல் பென்சிலால் எழுதிக்கொண்டால் போதும், பைசா செலவில்லை.

இன்று ராத்திரியே யாருக்காவது உதவி தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஆனால் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா சட்டைப் பையில் என்றால் எங்கே நின்று பேசுவது? மலையில் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் நின்று கத்திப் பேசுகிற விஷயமா இது? 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி டாக்டர் வீடியோவில் பார்த்து ஆலோசனை சொல்லலாம். அதற்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். அங்கே போனால் ஊர் பார்க்கும் என்று தயங்குகிறவர்களுக்கு நம் கிளை நூலகத்தில் ஓர் அறை கொடுங்கள். நூலகத்துக்குப் போகிறவரை யாரும் ஏன் போகிறாய் என்று கேட்பதில்லை. வாசகர் வட்டம் நினைத்தால் இதை அடுத்த மாதமே செய்ய முடியும். அந்த அறையில் திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’யையும் ஒரு பிரதி வையுங்கள். நாமக்கல் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர் அவர்.

மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் கிழமையும் நேரமும் பஸ் நிலையத்தில் பலகையில் எழுதப்பட வேண்டும். மாவட்டத்தின் டாக்டர், செவிலியர் அனைவருக்கும் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சியைத் திருநர்களே நடத்த வேண்டும், அவர்களுக்கு மற்ற பயிற்றுநர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியம் தரப்பட வேண்டும். இதுவரை அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்பியது போதும். இங்கிருந்து சென்னைக்குத்தான் போயாக வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், போகவர ஆகும் செலவை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும். மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் முதலில் முழுதாகப் படியுங்கள், திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிறோம். கூட வர முடிந்தவர்கள் காலை ஒன்பது மணிக்கு அரூர் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.