உயிரணுவின் எல்லையில் அனெக்சின்கள்



மூட்டுவாதத்தால் கைகால்கள் முடங்கிப்போயிருந்த ஒரு பெண்மணிக்கு, 1948-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில், பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் கார்ட்டிஸோன் மருந்தை ஊசிமூலம் செலுத்த, சில தினங்களுக்குள்ளாகவே அவர் எழுந்து நடமாடத் தொடங்கினார் என்பது வைத்திய சரித்திரத்தில் பிரசித்தமான சம்பவம். இரண்டே வருஷங்களில் ஹென்ச்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற ரசாயன நிபுணர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த மருந்து சரீரத்தினுள் சென்று என்ன காரியத்தைச் செய்து வீக்கத்தைத் தணிக்கிறது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி தெரியவே ஏறக்குறைய முப்பது வருஷங்கள் பிடித்தன.

1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் ராட் பிளவர் என்பவரும் அவருடைய சகாக்களும், கார்ட்டிஸோன் போன்ற ஸ்டீராய்டு பட்ட உயிரணுக்கள் ஒரு புரதத்தை உற்பத்தி செய்கின்றன என்றும், அழற்சியைத் தணிக்கும் காரியத்தில் அதற்கு முக்கியமான பங்கு உண்டு என்றும் கண்டார்கள். வேதனையையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்களின் உற்பத்தியை அது மூலத்திலேயே தடுத்துவிடுகிறது என்பது அவர்கள் அன்று சொன்ன விளக்கம். அந்த விளக்கம் பிற்பாடு பெருமளவு திருத்தப்பட்டது. ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அளவுக்கு மீறித் திசுக்களுக்குள் புகுந்துவிடாதபடி அவற்றுக்குக் கட்டளையிடுவதே அந்தப் புரதத்தின் பிரதான வேலை என்று இப்போது கருதுகிறார்கள். விளக்கம் மாறினாலும் புரதம் நிலைத்துவிட்டது. அதற்கு இன்று அனெக்சின் ஏ1 என்று பெயர்.

இதற்குள் வேறு பல ஆய்வுக்கூடங்களிலும் இதே ஜாதியைச் சேர்ந்த புரதங்கள் வெவ்வேறு பெயர்களோடு வந்து சேர்ந்திருந்தபடியால், 1990-ல் அவற்றை அனெக்சின்கள் என்ற ஒரே குடும்பமாகத் தொகுத்தார்கள். மனித சரீரத்தில் உள்ளவை 12. வரிசை எண் 13 வரை ஓடுகிறது. பன்னிரண்டாம் இடம் மட்டும் ஏனோ காலியாகவே கிடக்கிறது.

இவற்றின் பொதுச் சுபாவம் கால்ஷியத்தோடு சம்பந்தப்பட்டது. உயிரணுவுக்கு வெளியே உள்ள கால்ஷியத்தின் செறிவில் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும்; அந்த உள்ளளவு சற்று உயர்ந்தவுடன், அதுவரை சும்மா மிதந்துகொண்டிருந்த அனெக்சின்கள் கால்ஷியத்தைப் பற்றிக்கொண்டு எல்லைச் சவ்வின்மீது போய் ஒட்டிக்கொள்கின்றன. தசை நார்கள் ஓயாமல் இழுபட்டுச் சவ்வு கிழியும்போது, கிழிசல் வழியே பாயும் கால்ஷியமே இவற்றை அங்கே அழைத்துவந்துவிடுகிறது, கிழிசலும் அடைபடுகிறது. ஆபத்தே பரிகாரத்தை அழைத்துவரும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன்.

இனி ஐந்தாவது அனெக்சினைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். பாஸ்பாடிடைல்ஸெரின் என்ற கொழுப்புப் பொருளை உயிரணு தன் சவ்வின் உட்புறத்திலேயே சக்தியைச் செலவிட்டு நிறுத்திவைத்திருக்கிறது. உயிரணு ஒழுங்குமுறையாக மரணமடையும்போது அப்பொருள் வெளிப்புறத்துக்குத் திரும்பிவிட, அதைக் கண்டு விழுங்கணுக்கள் வந்து அந்தச் சடலத்தை அப்புறப்படுத்துகின்றன. அனெக்சின் ஏ5 இந்தப் பொருளின்மீது உறுதியாக ஒட்டுவதால், அதற்கு ஒளிரும் சாயமேற்றி, மடிந்துகொண்டிருக்கும் அணுக்களை எண்ணிப் பார்க்கும் முறை 1990-களின் மத்தியில் உருவாகி, புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் இன்று நித்தியப்படி வழக்கமாகிவிட்டது.

அதே கொழுப்புப் பொருள் வெளிப்பட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்கும் வசதி உண்டாகிறது. தாயின் ரத்தம் நேரே வந்து நனைத்துக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடியில் உறைவு ஏற்பட்டால் சிசுவின் கதி என்னவாகும்? அங்கே அனெக்சின் ஏ5 ஏராளமாக இருந்து, தளத்தில் ஓடு பதித்ததுபோல் இடைவெளியின்றிப் பரவி, உறைவுப் பொருள்கள் சவ்வைத் தொடாதபடி மறைத்து நிற்கிறது. 1983-ல் லண்டனில் கிரஹாம் ஹ்யூஸ் விவரித்த ஒரு நோயில், சரீரத்தின் எதிர்ப்பொருள்களே தவறான திசையில் பாய்ந்து, ரத்தக்கட்டிகளையும், அடுத்தடுத்த கருச்சிதைவுகளையும் விளைவிக்கின்றன. அந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியின் அணுக்களிலிருந்து இந்தக் கவசத்தைக் குறைத்துவிடுகின்றன என்பதை ஜேக்கப் ராண்ட் குழுவினர் 1997-ல் எடுத்துக்காட்டினார்கள். நோய்க்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. வேறு வழிகளும் உண்டு.

இரண்டாவது அனெக்சினோ வேறொரு வேலையைச் செய்கிறது: உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் பொருளைச் சவ்வின்மீது தயாரிக்க அது துணைபுரிகிறது. புரோமைலோசைட் என்னும் அணுக்கள் பெருகும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில், அந்த அணுக்களின்மீது அனெக்சின் ஏ2 மிதமிஞ்சி நிறைந்திருப்பதால் ரத்தப்போக்கு அபாயகரமாகிறது என்பது 1999-ல் வெளிவந்த செய்தி. வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருளான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்து இந்நோயைத் தணிக்கலாம் என்று ஷாங்காய் வைத்தியர்கள் 1980-களிலேயே காட்டியிருந்தார்கள்; அம்மருந்து பட்டவுடன் அந்த அணுக்களில் அனெக்சின் ஏ2-வும் குறைகிறது. பதினோராவது அனெக்சினின் மரபுப் பிழை, நரம்பணுக்கள் நசித்துத் தசைகள் செயலிழக்கும் ஒரு கொடிய வியாதிக்கு ஏதுவாகலாம் என்று 2017-ல் தெரிந்தது.

நம் வீடுகளில் கர்ப்பம் மீண்டும் மீண்டும் கலைந்துவிட்டால், பழியை அந்தப் பெண்ணின் ஜாதகத்தின்மீதோ நடத்தையின்மீதோ போடும் பழக்கம் இன்னமும் அழிந்தபாடில்லை. ஹ்யூஸ் விவரித்த நோயின் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்பதை ரத்தப் பரிசோதனையால் அறியலாம். 12 வாரம் கழித்து மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்வார்கள். இருப்பது நிச்சயமானால், சிறிய அளவு ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும் வைத்தியரின் மேற்பார்வையில் கொடுக்கப்பட்டு, அநேகம் தாய்மார்கள் சுகமாகப் பிரசவித்திருக்கிறார்கள். அத்தகைய துயரத்துக்கு ஆளானவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களை மகப்பேறு வைத்தியரிடம் அழைத்துச்சென்று இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள்.