பொருட்குவிப்பு என்னும் நோய்

பதுக்கல் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுபவன், விலை ஏறும் நாளை எதிர்நோக்கி மூட்டைகளைக் களஞ்சியத்தில் மறைத்துவைக்கும் வணிகனே ஆவான். அவன் நோக்கம் இலாபம். ஆனால் இலாபம் எதனையும் கருதாது, பழைய பத்திரிகை, உடைந்த குடை, வெறும் போத்தல், கிழிந்த துணி என எதனையும் எறிய மனம் வராமல் வீடெல்லாம் நிரப்பி, ஈற்றில் தாம் படுப்பதற்கும் இடமின்றி வாழும் மாந்தரும் உளர். அயலார் இவர்களைச் சோம்பேறிகள் என்பர். உறவினர் பிடிவாதக்காரர் என்பர். மருத்துவ உலகமோ நோயாளர் என்கின்றது. இவ்வேறுபாட்டை உணராதவர் உதவி செய்யப் புகுந்து, தீங்கு செய்து மீளுதல் கூடும்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், ஹார்லெம் பகுதியில், ஐந்தாம் அவென்யூவும் 128ஆம் வீதியும் கூடும் இடத்தில் ஒரு மாடி வீடு இருந்தது. அதில் ஹோமர் கொலியர், லாங்லி கொலியர் என்னும் சகோதரர் இருவர் வாழ்ந்தனர். தந்தையார் மருத்துவர். மூத்தவர் ஹோமர் சட்டம் கற்றவர். இளையவர் லாங்லி பியானோ இசைப்பதில் வல்லவர். கல்வியும் செல்வமும் இல்லாத குடும்பம் அன்று அது. 1929இல் தாயார் மறைந்தார். 1933இல் ஹோமர் கண்பார்வையை இழந்தார். அன்று முதல் தமையனுக்குத் தாயாகவும் தாதியாகவும் இருந்தவர் லாங்லியே. தோடம்பழங்களை நிரம்ப உண்ணக் கொடுத்தால் பார்வை மீளும் என அவர் நம்பினார். பார்வை மீண்டதும் தமையன் படிக்க வேண்டுமே என்று நாள்தோறும் வந்த பத்திரிகைகளையும் சேர்த்துவைத்தார். ஆண்டுகள் கழிந்தன, பத்திரிகைகள் கூரையைத் தொட்டன. குவியல்களுக்கிடையே குகைபோன்ற வழிகளில் தவழ்ந்தே நடமாட முடிந்தது. கள்வருக்கு அஞ்சி, அவ்வழிகளில் கால்பட்டாற் சரிந்து விழும் பொறிகளையும் லாங்லி அமைத்தார்.

1947 மார்ச் 21ஆம் நாள், வீட்டினுள் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்ற செய்தி பொலிஸாருக்கு எட்டியது. வாயிலால் நுழைய இயலவில்லை. மேல்மாடி யன்னல் வழியாகவே புகுந்தனர். ஹோமரின் உடல் அங்கே இருந்தது. தம்பியைக் காணாமையால் வெளியூர்களிலும் தேடினர். ஏப்ரல் 8ஆம் நாள், தமையன் இறந்த இடத்திலிருந்து ஏறத்தாழப் பத்து அடி தூரத்திலேயே, குவியலின் அடியில் லாங்லி கண்டெடுக்கப்பட்டார். தமையனுக்கு உணவு கொண்டு செல்கையில் தாம் வைத்த பொறியில் தாமே சிக்கி அவர் மடிந்தார் என்றும், ஊட்டுவாரின்றி ஹோமர் பின்னர் இறந்தார் என்றும் முடிவு கூறப்பட்டது. அவ்வீட்டிலிருந்து நூறு தொன்னுக்கு மேற்பட்ட பொருள்கள் அகற்றப்பட்டன. பியானோக்கள் மட்டும் பதினான்கு. அவ்வாண்டிலேயே வீடும் இடிக்கப்பட்டது.

நேயர்கள் இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நகர மாந்தருக்குக் குப்பையாகத் தோன்றிய பத்திரிகைக் குவியல், லாங்லிக்குத் தமையனின் கண்ணொளி பற்றிய நம்பிக்கையாக இருந்தது. அக்காலத்தில் இந்நிலைக்கு நோய் என்ற தனிப்பெயர் இல்லை. 2013ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைந்நூல் இதனைத் தனி நோயாக வகுத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதனை ஏற்றுள்ளது.

நோயின் குறிகள் தெளிவானவை. மதிப்புள்ளதோ அற்றதோ, எப்பொருளையும் விட்டுப் பிரிய இயலாமை ஒன்று; பிரிய நேரும்போது தாங்கொணாத் துயர் ஒன்று; சமையலறையிற் சமைக்கவும் கட்டிலிற் படுக்கவும் முடியாதபடி இடம் அடைபடுதல் மற்றொன்று. முத்திரை சேர்ப்பவரை இவருடன் சேர்த்து எண்ணலாகாது. அவர் தம் சேர்க்கையை ஒழுங்குபடுத்திப் பிறருக்குக் காட்டி மகிழ்வார். இவரோ நாணிக் கதவை அடைப்பார். பெரும்பாலும் இளமையிலேயே அரும்பும் இந்நோய், வயது ஏற ஏற முற்றும். மனச்சோர்வும் பதற்றமும் பலரிடம் உடன் காணப்படும். முதுமை மறதியாலும் வீட்டில் பொருள் குவிவதுண்டு. ஆதலின் மருத்துவரின் ஆராய்வு முதலில் வேண்டும்.

அன்புள்ள பிள்ளைகள் பலர் செய்யும் பிழை யாதெனில், பெற்றவர் வெளியே சென்ற நேரம் பார்த்து லொறியை வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிடுவதாகும். வீடு அன்று வெளிக்கும். பெற்றவர் மனமோ உடையும். பிள்ளைகள்மீது வைத்த நம்பிக்கை அழிய, வெற்றிடம் மீண்டும் நிரம்பத் தொடங்கும். எறிவதா வைத்திருப்பதா என்று முடிவு செய்யும் ஆற்றலை அவரே சிறிது சிறிதாகப் பெறுதல் வேண்டும். சிந்தனையையும் நடத்தையையும் பழக்கித் திருத்தும் உளச்சிகிச்சை இதற்குப் பயன் தருகின்றது. அதற்குப் பல மாதங்கள் செல்லும்.

ஆயினும், உயிருக்கு ஆபத்தான இடங்களைச் சீர்செய்யக் காலந்தாழ்த்தலாகாது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத் தீயணைப்புப் படையினர் 1999 முதல் பத்தாண்டு நிகழ்ந்த வீட்டுத் தீக்களை ஆராய்ந்தனர். பொருள் குவிந்த வீடுகளில் நேர்ந்தவை நானூறு தீக்களுள் ஒன்றே. எனினும், தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றிலேயே நிகழ்ந்திருந்தது. எனவே வீட்டுக்குரியவருடன் பேசி இசைவு பெற்று, முதலில் வெளியேறும் வழியையும், அடுத்து அடுப்பைச் சுற்றிய இடத்தையும், பின்னர் மின்கம்பிகள் செல்லும் இடங்களையும் வெளியாக்குதல் வேண்டும்.

துப்புரவு செய்வோர் கையுறை, மூடிய சப்பாத்து, முகக்கவசம் ஆகியன அணிதல் நன்று. குவியலை அடியிலிருந்து இழுத்தால் அது சரிந்து மேலே விழும். மேலிருந்தே எடுக்க வேண்டும். எலி எச்சத்தை உலர்ந்தபடி கூட்டினால் நோய்க்கிருமி தூசுடன் கலந்து மூச்சில் ஏறும். கிருமிநாசினி தெளித்து நனைத்த பின்னரே துடைத்தெடுக்க வேண்டும். குளோரின் கலந்த வெளிற்றும் நீருடன் அமோனியாவோ அமிலமோ சேருமாயின் நச்சுவாயு எழும். ஈரம் பட்ட மின்கருவியை மின்னிணைப்பைத் துண்டிக்காமல் தொடலாகாது. பத்திரிகைகளின் நடுவே காணி உறுதியும் காசும் ஒளிந்திருத்தல் கூடும். பாராமல் எறிதல் தகாது.

வைத்திருப்பன, பிறர்க்குக் கொடுப்பன, கழிப்பன என மூன்று பெட்டிகளை வைத்து, ஒவ்வொரு பொருளையும் உரியவர் கையிலே கொடுத்து அவரையே தீர்மானிக்கச் செய்தல் நலம். நாளொன்றுக்கு ஒரு மேசை வெளியானாலும் போதும். இகழ்ச்சியும் அவசரமும் அங்கே புகாதிருக்கட்டும். பழைய பத்திரிகை ஒன்றை ஏன் வைத்திருக்கிறீர் என்று சினந்து கேட்பவருக்கு மறுமொழி கிடைக்காது. பொறுமையோடு கேட்பவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறே கிடைக்கும். அவ்வரலாற்றைச் செவிமடுத்தவர் கையிலேதான் பொருளை நம்பி ஒப்படைக்க அந்த மனம் துணியும்.