உயிரியல் பிரிவிலிருந்து கணினி முதுமாணிக்கு
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரியின் பழம்பெருமையை எங்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். வைத்தியரை மேடைக்கு அழைத்ததால் நீரிழிவு பற்றிய பேச்சு என்று சிலர் எண்ணியிருக்கலாம். நாங்கள் பேச வந்தது கணினி விஞ்ஞானத்தில் பட்டப்பின் படிப்பைப் பற்றி. "நாங்கள்" என்பது மேடை வழக்கத்துக்காகச் சொல்வதல்ல. உயர்தரத்தில் ஒரே வகுப்பில் உயிரியல் படித்த மூவர் நாங்கள். ஒருத்தி இங்கே வைத்தியர், ஒருத்தி ரொறன்ரோவில் மருந்தாளர், ஒருத்தி லண்டனில் ஆய்வுகூடத்தில் வேலை. நாற்பது வயதை எட்டிய பிறகு மூவரும் அமெரிக்காவின் அற்லான்ரா நகரிலுள்ள ஜோர்ஜியா ரெக் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கணினி முதுமாணிப் படிப்பில் சேர்ந்தோம்.

அந்தப் படிப்பு 2014 ஜனவரியில் தொடங்கியது. பத்துப் பாடங்கள், முப்பது அலகுகள். வளாகத்துக்குப் போய்ப் படிப்பவருக்குக் கிடைக்கும் அதே பட்டம். சான்றிதழில் "இணையவழி" என்ற சொல் இல்லை. மொத்தக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டொலர். முதலில் இதை ஏதோ மோசடி விளம்பரம் என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். குட்மன், மெல்கர்ஸ், பலேய்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளாகப் படிப்புக்கு விண்ணப்பிப்பவரின் சராசரி வயது 24. இணையவழிக்கு விண்ணப்பிப்பவரின் சராசரி வயது 34. அந்த 34 ஐப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் துணிவு வந்தது.

படிப்பு இலகு என்று எவரும் நினைக்க வேண்டாம். பட்டப்பின் வழிமுறையியல் என்றொரு பாடம் உண்டு. மற்றவை எல்லாம் முடித்துவிட்டு இதற்கு இடம் கிடைக்கக் காத்திருப்பவர்கள் ஏராளம். இங்கேதான் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளான எங்களுக்கு உண்மையான இடறல் வந்தது. வைத்தியத்தில் நூறு நோயாளரில் தொண்ணூற்றைந்து பேருக்குப் பலன் தந்தால் அது நல்ல மருந்து. வழிமுறையியலில் அப்படியில்லை. எழுதிய வழிமுறை எந்த உள்ளீட்டுக்கும் சரியாக இயங்கும் என்று நிறுவ வேண்டும்; ஒரேயொரு விதிவிலக்கு அகப்பட்டாலும் விடை பிழை. அந்த மனநிலைக்கு மாற எங்களுக்கு மாதங்கள் பிடித்தன. (தாதியரின் கடமைப் பட்டியலை எல்லாருக்கும் திருப்தியாகப் போடுவது பொதுவாகக் கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளில் ஒன்று என்று அறிந்தபோது, வாட் பொறுப்புத் தாதியிடம் எங்களுக்கிருந்த மரியாதை இன்னும் கூடியது.)

செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றில், உளவியலில் நாங்கள் அறிந்த ரேவன் வடிவப் புதிர்களைத் தீர்க்கும் நிரலை எழுத வேண்டியிருந்தது. 2016 இல் அதே பாடத்தில் பேராசிரியர் அசோக் கோயல் ஒரு கணினி நிரலை உதவி ஆசிரியையாக அமர்த்தி, ஜில் வொட்சன் என்று பெயரும் வைத்திருந்தார். மாணவர் கேள்விகளுக்கு அது பதில் எழுதியது. பருவ முடிவில் அவர் சொன்ன பிறகுதான் மாணவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

சில பாடங்களில் ஒப்படைகள் ஞாயிறு நள்ளிரவுக்கு முன் வேண்டும். எந்த ஊர் நள்ளிரவு என்றால், உலகில் எங்கே ஞாயிறு கடைசியாக முடிகிறதோ அந்த இடத்து நள்ளிரவு. எங்களுக்கு அது திங்கள் மாலை ஐந்தரை மணி. கோடை காலத்தில் ரொறன்ரோக்காரிக்குத் திங்கள் காலை எட்டு மணி. கிளினிக் முடிந்த பிறகு எஞ்சிய அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் எங்களுடைய பல நிரல்கள் கடைசியாகத் திருத்தப்பட்டன.

இவ்வளவு சிரமம் ஏன் என்று கேட்பீர்கள். யாழினி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ழகரத்தைச் சிலர் 'எல்' என்றும் சிலர் 'இசெட் எச்' என்றும் எழுதுகிறோம். ஒலியொத்த பெயர்களைத் தேட சவுண்டெக்ஸ் என்ற முறை உண்டு. 1918 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெரிய தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றில் இன்றும் ஒரு கட்டளையாக இருக்கிறது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டு, மற்றவற்றை இலக்கமாக்கும். அதன் கணக்கில் ஒரு யாழினி 'ஒய் 450', மற்ற யாழினி 'ஒய் 250'. இருவரும் வேறு ஆட்கள். 'ஜி'யில் தொடங்கும் ஞானமும் 'என்'இல் தொடங்கும் ஞானமும் அதைவிடத் தூரம். அத்துடன் எமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும், கலியாணத்துக்குப் பின் பலருக்கு அது கணவனின் பெயராக மாறும். ஒரே பெண்ணுக்கு இரண்டு கிளினிக் கொப்பி இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கொப்பி கணினிக்குள் போனால் இரண்டு கோப்புகள். பெனிசிலின் ஒவ்வாது என்பது ஒன்றில் இருக்கும், மற்றதில் இராது.

வழிமுறையியலில் படித்த ஒரு சிறிய அட்டவணைக் கணக்கு, இரண்டு எழுத்துக்கூட்டல்களுக்கு இடையே எத்தனை எழுத்து மாற்றம் என்று சொல்லிவிடும். அதில் ழகரமும் ளகரமும் எமக்கு அண்மையானவை என்று சேர்த்துக்கொள்ளலாம். சுகாதாரத் தகவலியல் பாடத்தில், நோயாளர் விபரம் பரிமாறும் 'ஃபயர்' நியமத்தைப் படித்தோம். அதில் குடும்பப் பெயர், இட்ட பெயர் என்ற இரு பெட்டிகளோடு முழுப்பெயரை உள்ளபடி எழுத வேறொரு பெட்டியும் உண்டு, கலியாணத்துக்கு முந்திய பெயருக்கும் இடம் உண்டு. நியமத்தில் குறையில்லை. அதை ஒரு வைத்தியசாலைக்குப் பொருத்தும் மேசையில், எமது பெயர்கள் எப்படி அமையும் என்று தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. தமிழ்ப் பெயருள்ளவர்கள் கொழும்பிலும் இருக்கிறோம், ரொறன்ரோவிலும் இருக்கிறோம். சிக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சேர விரும்புவோருக்குச் சில செய்திகள். கணினிப் பட்டம் உள்ளவரையே விரும்புவார்கள். வேறு பட்டம் உள்ளவர் நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்பும் முறையாகப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கான ஆரம்பப் பாடங்களையும் அதே பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. சேர்ந்த பின் முதல் 12 மாதங்களுக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் குறைந்தது 'பி' தரம் எடுக்க வேண்டும். உள்நாட்டிலேயே படிக்க விரும்புவோருக்குக் கொழும்பிலும் மொறட்டுவையிலும் கணினி முதுமாணிப் படிப்புகள் உண்டு. வைத்தியர்களுக்கென்று கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் படிப்பு நடத்துகிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். 7,000 டொலர் ரொறன்ரோவில் சேமிக்கக்கூடிய தொகை. இங்கே அது இருபது இலட்சம் ரூபாவுக்கு மேல். எமது சங்கத்தின் புலமைப்பரிசில்கள் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கானவை. அது நல்லதே, தொடரட்டும். ஆனால் முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளோடு, தாதியாகவோ விஞ்ஞான ஆசிரியையாகவோ இருக்கும் பழைய மாணவிக்கு நாம் இதுவரை எதுவும் வைத்ததில்லை. பதினாறு வயதில் உயிரியலைத் தெரிந்தவள் கணிதத்துக்கு இனி வரமாட்டாள் என்று நாமே தீர்மானித்துவிட்டோம் போலும்.

ஆகவே பிற்பகல் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வைக்கிறோம்: நூற்றாண்டு நிதியிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு பழைய மாணவியருக்கு, எந்தப் பல்கலைக்கழகமானாலும், முதல் இரண்டு கணினிப் பாடங்களின் கட்டணத்தைச் சங்கம் கட்ட வேண்டும். அந்தப் பாடங்களைத் தாண்டியவர் மீதியைத் தாமே பார்த்துக்கொள்வார். விண்ணப்பம் எழுதவும், நிரல் ஓடாத இரவுகளில் தொலைபேசியில் இருக்கவும் நாங்கள் மூவரும் தயார்.

வழிமொழிய ஒருவர் வேண்டும். லண்டன் தோழி இணையவழியில் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கையையும் உயர்த்திவிட்டாள். அது செல்லுமா என்று செயலாளர் யாப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.