வேகமல்ல, பொறுமையே!

நடுவர் அவர்களே! வேகமே வெற்றி தரும்னு சொல்ல எதிரணி நண்பர் சிறுத்தையைக் கூட்டிட்டு வந்தார். நான் அனகொண்டாவை அழைத்து வருகிறேன். பயப்படாதீங்க, பேச்சில்தான்! (சிரிப்பு)

அமேசான், ஒரினோகோ ஆற்றுப்படுகைகளில் வாழும் இதுதான் உலகிலேயே எடை மிகுந்த பாம்பு. 'ஆனைகொன்றான்' என்ற தமிழ்ச்சொல்லே அனகொண்டா ஆயிற்று என்பாரும் உண்டு. ஆனா பாருங்க, அந்தக் காட்டில் கொல்றதுக்கு யானையே கிடையாது! (கைதட்டல்)

தரையில் அதற்கு வேகம் இல்லை, விஷமும் இல்லை. கண்ணும் மூக்கும் தலையின் மேற்புறம். அவை மட்டும் வெளியே தெரிய, தண்ணீருக்குள் அசையாமல் கிடக்கும். தண்ணீர் குடிக்க மான் வரும். கவ்வும், சுற்றும், இறுக்கும். பெரிய இரை ஒன்று கிடைத்தால் வாரக்கணக்கில் பசி தாங்கும்.

அதைவிடப் பெரிய பொறுமை அதன் தாய்மை. அது முட்டையிடுவதில்லை. ஏறத்தாழ 7 மாதம் வயிற்றில் சுமந்து, 20, 30 என்று குட்டி போடுகிறது. அந்த மாதங்களில் பெரும்பாலும் இரையே எடுப்பதில்லை! தன் உடம்பைக் கரைத்துப் பிள்ளைகளை வளர்க்கிற அந்தத் தாயிடம் போய் வேகத்தைப் பற்றிப் பேச முடியுமாங்க?

வேகம் ஒருவேளை இரையைத் தரும்; பொறுமைதான் வம்சத்தையே வாழவைக்கும். தீர்ப்பு உங்கள் கையில்.