காலண்டர் தாளில் வந்த மனு



இந்தக் கூட்டத்தின் தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தோரு ஆண்டு சேவை செய்தவர் என்றார். சேவை என்பது கொஞ்சம் பெரிய சொல். நான் மனு வாங்கிய ஆள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நீங்கள் நீட்டிய மனு, முத்திரை குத்தி, எண் போட்டு, சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து இறங்கிய மேசை என்னுடையது. 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதி அதைக் கீழே தள்ளிவிட்டவனும் நான்தான். தயவுசெய்து கை தட்டாதீர்கள்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இதைச் சொன்னபிறகு சாலைப் பாதுகாப்பின் அவசியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. நான் பேச வந்தது பணத்தைப் பற்றி. உங்கள் தெரு முக்கைச் சரிசெய்ய அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது. அதை எழுதிக் கேட்கிற விதத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

என் மேசைக்கு வந்த மனுக்களில் முக்கால்வாசி ஒரே அச்சு. 'எங்கள் பகுதியில் அடிக்கடி விபத்து நடக்கிறது. உயிர்ப்பலி ஏற்படும் முன் உடனடியாக வேகத்தடை அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே நூறு கையெழுத்து, சில ரேகை. படித்தால் மனசு கனக்கும். ஆனால் பேனா நகராது. எங்கள் பகுதி என்றால் எந்த இடம்? அடிக்கடி என்றால் எத்தனை? அந்தச் சாலை யாருடையது? வேகத்தடைதான் மருந்து என்று சொன்ன வைத்தியர் யார்?

சாலை யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம். மைல்கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. உள்ளே போகப் போக மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று ஆள் மாறும். மஞ்சள் கல் சாலைக்கு மாநகராட்சி ஆணையரிடம் மனு கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காத்திருந்த சங்கம் எனக்குத் தெரியும். அவர் தவறான ஆள் என்று சொல்லவே ஒன்பது மாதம் ஆனது.

அடுத்து, அந்த 'அடிக்கடி'. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை விபத்துக் கரும்புள்ளி என்று சேர்க்க மத்திய அமைச்சகம் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிர் போன அல்லது கொடுங்காயம் பட்ட விபத்து ஐந்து. இல்லையென்றால் பத்துச் சாவு. கேட்கவே கொடுமையாக இருக்கிறதல்லவா? பத்துப் பேர் செத்துத் தகுதி சம்பாதிக்க வேண்டும். இந்த அளவுகோலோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் சண்டை போடுவதற்கு முன், அந்த ஐந்தும் பத்தும் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்று பாருங்கள். போலீஸ் பதிவிலிருந்து. இப்போது செல்போன் செயலியிலேயே விபத்து நடந்த இடத்தைப் புள்ளி வைத்துப் பதிகிறார்கள். அந்தப் புள்ளிகள் போய்ச் சேரும் தரவுத்தளத்தை உருவாக்கியது நம் சென்னை ஐஐடி. வரைபடத்தில் புள்ளி விழுந்தால்தான் விபத்து.

நாம் என்ன செய்கிறோம்? பைக்காரரும் கார்க்காரரும் மோதுகிறார்கள். ஒருவருக்குக் கால் முறிகிறது. உடனே ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்துவிடுவார். 'ஏப்பா, கேஸு கீஸுன்னு எதுக்கு? பேசி முடிச்சுக்கலாம்.' கட்டுப் போட ஐயாயிரம் கை மாறும். அதோடு அந்த விபத்து நடக்கவே இல்லை! அந்த முக்கில் அடுத்து விழப்போகிறவனுக்கு நாம் செய்கிற துரோகம் அது. சமாதானமாகப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பதிந்துவிட்டுப் போங்கள்.

பல்லடம் பக்கம் ஒரு முக்கில் டீக்கடை வைத்திருந்த அம்மா ஒருவர். ஒருநாள் ஒரு மஞ்சப்பையோடு ஆபீசுக்கு வந்தார். 'ஏனுங்க சார், ஊர்க்காரங்க எழுதிக் குடுத்து எழுதிக் குடுத்துச் சலிச்சுப் போச்சுங்க. இதையாவது படிச்சுப் பாருங்க' என்று பையைக் கவிழ்த்தார். உள்ளே தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். இருபத்துமூன்று. முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் அந்தம்மாவின் கோழிக் கிறுக்கல்: 'ராத்திரி எட்டேகாலு. எக்செல். தறிக்காரப் பையன். சந்துலிருந்து வந்தான். லாரி.' பதினான்கு மாதக் கணக்கு. அந்த இடத்துக்கு எங்கள் கோப்பில் இருந்த விபத்து மூன்றுதான்.

தாள்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பதினேழு தாளில் நேரம் இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில். விசைத்தறிக் கூடங்களில் ஷிப்ட் மாறுகிற நேரம். எல்லோரும் சந்திலிருந்து வலப்பக்கம் திரும்பியவர்கள். மறுநாள் இரவு எட்டு மணிக்குப் போய் அதே சந்தில் நின்றேன். சீமைக்கருவேல் புதர் ஆள் உயரத்துக்கு மறைக்கிறது. கம்பம் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. ஊரார் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது வேகத்தடை. அந்த இடத்துக்குத் தேவைப்பட்டது வெளிச்சமும் அரிவாளும்! புதரை வெட்டி, விளக்கு மாட்டி, சந்து இருக்கிறது என்று இரண்டு பக்கமும் பலகை நட்டோம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் அந்த மதிப்பீடு ஒரே கூட்டத்தில் தேறியது. பிற்பாடு ஒருநாள் டீ குடிக்கப் போனபோது அந்தம்மா காலண்டர் தாளில் வடை மடித்துக் கொடுத்தார்.

வேகத்தடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் பழைய பொறியாளர் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதற்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவு உண்டு: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். மணிக்கு 25 கிலோமீட்டரில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை வயல் வரப்புகள். கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிவரும் ஆட்டோக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

சரி, பணம் எங்கே இருக்கிறது? இதற்கு நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். உடைந்த எலும்பை ஒட்டவைக்கிற மருத்துவர், எலும்பு உடைகிற இடத்தைப் பற்றிக் கேட்டார். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி வந்த உத்தரவில், ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்புக்கென்று தனி நிதி வைக்க வேண்டும், ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹெல்மெட் போடாமல் போய் நீங்கள் கட்டுகிற அபராதம் இருக்கிறதே, அந்த மாதிரிப் பணம்தான் இந்த நிதிக்கு ஊற்று. உங்கள் பணம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேட்கவேண்டிய இடம் அந்த மாவட்டக் குழு. போலீஸ், நெடுஞ்சாலை, போக்குவரத்து என்று எல்லாத் துறை அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார்கிற இடம் அது. 'அது எங்க துறை இல்லீங்க' என்று அங்கே தட்டிவிட முடியாது. போன கூட்டத்தில் உங்கள் ஊர் முக்கு பேசப்பட்டதா என்று தெரிய வேண்டுமா? பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கிறது. சின்ன வேலை என்றால் 'நமக்கு நாமே' திட்டம். மூன்றில் ஒரு பங்கு நீங்கள் போட்டால் மீதி அரசு போடும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூலிக்கத் தெரிந்த நமக்கு அது முடியாத காரியமா?

காலமும் பார்த்துக் கேட்க வேண்டும். மார்ச் மாதம் ஓடிவந்து மனுக் கொடுப்பார்கள். அப்போது பெட்டியைப் பூட்டுகிற நேரம். ஏப்ரலில் வேலைக்குப் பணம் வரவேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையிலேயே மதிப்பீடு மேலே போயிருக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு வருத்தம் மட்டும் எனக்கு உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021-இல் நம் அரசு தொடங்கியது. தொடங்கும்போதே ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். அங்கே அடிபட்டவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆஸ்பத்திரி பில் இருக்கிறது. அடிபடாமல் வீடு போய்ச் சேர்ந்தவனுக்கு என்ன பில் இருக்கிறது? அவனுக்காகப் பணம் கேட்பதுதான் கஷ்டம். அவன் யாரென்று அவனுக்கே தெரியாது. டீக்கடை அம்மாவின் கிறுக்கல்தான் அவனுக்கான பில்.

மேடைக்கு வருமுன் இங்கே பக்கத்துப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். வரிக்குதிரைக் கோடு அழிந்திருக்கிறது, பேருந்து நிறுத்தம் வளைவிலேயே இருக்கிறது. மனுவுக்கு இடத்தின் படம், மைல்கல் எண், சாலையின் அகலம், பள்ளி விடும் நேரம் நான்கும் வேண்டும். டேப் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பத்துப் பேர் வந்தால் இப்போதே அளந்துவிடலாம். யாராவது ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் விளக்கு எரியவில்லை.